கட்டளை போடாத சபை: வசந்தி அக்காவோடு ஹைடெல்பேர்க்

ஹைடெல்பேர்க் என்றாலே கோட்டைக்கு எத்தனை மணிக்குப் போகலாம், பழைய பாலத்தில் எந்தப் பக்கம் நின்று படம் எடுக்கலாம் என்றுதான் எனக்கு எழுதிக் கேட்பீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தமுறை நான் கோட்டைக்கு ஏறவே இல்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. போன வருடம் மே மாதம் கொலோனிலிருந்து அங்கே போனது ஊர் பார்க்க அல்ல. எங்கள் கட்டடத்தில் கீழ்த்தட்டில் இருக்கும் வசந்தி அக்காவுக்கு மொழிபெயர்க்கப் போனேன். ஆனாலும் பழக்கதோஷம் விடுமா? ரயில், சாப்பாடு, செலவு எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். போகப்போகச் சொல்கிறேன்.

வசந்தி அக்கா முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்பவர். இலங்கையில் போர் முடிந்த நாட்களில், முகாம் வாசலில் அவருடைய கணவரை இராணுவத்தினர் வேறு வரிசைக்குப் போகச் சொன்னார்கள். போனார். அதன்பிறகு அவரை ஒருவரும் காணவில்லை. அக்கா மகளோடு இங்கே வந்து அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டார். கையில் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் நீலக் கடவுச்சீட்டு. அதைக்கொண்டு எங்கேயும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது.

இப்போது சிக்கலைக் கேளுங்கள். கணவரை நேரில் போய்த் தேட வேண்டும் என்றால் அக்காவுக்கு ஜேர்மன் குடியுரிமை வேண்டும். அதற்கு விண்ணப்பித்தபோது அலுவலகத்தில் குடும்பநிலை என்ன என்று கேட்டார்கள். திருமணமானவர் என்றால் கணவர் எங்கே? விதவை என்றால் மரணச் சான்றிதழ் எங்கே? யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கை அலையாத இடமெல்லாம் அலைந்து எடுத்து அனுப்பிய 'காணாமற்போனவர்' சான்றிதழை அக்கா நீட்டினார். அப்படி ஒரு நிலை தங்களிடம் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நீதிமன்றத்துக்குப் போய் அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கச் சொல்லுங்கள், பிறகு எல்லாம் சுகமாக முடிந்துவிடும் என்று ஒரு யோசனை மட்டும் கிடைத்தது. ஆளைத் தேடிப் போவதற்கு, ஆள் செத்துப்போனார் என்று முதலில் இவரே கையெழுத்து வைக்க வேண்டுமாம்! இதைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் இந்தப் பக்கத்தை மூடிவிடுவார்கள்.

அக்கா கையெழுத்து வைக்கவில்லை. விண்ணப்பம் அப்படியே கிடந்தது. அந்த நேரத்தில்தான் அகதிகளுக்கு ஆலோசனை சொல்லும் நிலையத்தில் ஒரு பெண் இந்தச் சபையைப் பற்றிச் சொன்னார். ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றும் தன் வெளிவிவகார அமைச்சிலிருந்து ஒரு சட்ட ஆலோசகரை அனுப்பும் சபை அது. எல்லோரும் கூடியிருந்து சர்வதேசச் சட்டத்தில் வரும் குழப்பங்களைப் பேசி, அரசுகளுக்குக் கருத்துச் சொல்வார்கள். ஒரு நாடு கொடுக்கும் 'காணாமற்போனவர்' சான்றிதழை இன்னொரு நாடு எப்படி மதிக்க வேண்டும் என்று அவர்கள் அப்போது ஒரு கருத்துரை எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதுவதற்கு முன் சில குடும்பங்களை நேரில் கேட்க விரும்பினார்கள். அக்காவின் பெயர் போய்ச் சேர்ந்தது. சபையின் பெயரையோ அங்கே பேசியவர்களின் பெயரையோ எழுத மாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே போனோம், ஆகவே கேட்காதீர்கள்.

மகள் தாதி. அன்றைக்கு வேலையை மாற்ற முடியவில்லை. "சுதா அன்ரி, நீங்கள் ஒருக்கா போங்கோவன்," என்று வந்து நின்றாள். போகாமல் இருக்க முடியுமா?

இனி ரயில். கொலோனிலிருந்து ஹைடெல்பேர்க் ஏறத்தாழ 250 கிலோமீற்றர். வேக ரயில் இரண்டு, இரண்டரை மணித்தியாலத்தில் கொண்டுபோய்விடும். எங்கள் இருவரிடமும் மாதாந்த ஜேர்மனி டிக்கெட் இருந்தது. அப்போது 58 யூரோ, இப்போது 63. அதில் வேக ரயிலில் ஏற முடியாது, உள்ளூர் ரயில்கள்தான். கொப்லென்ஸ், மைன்ஸ், மன்ஹைம் என்று மூன்று இடத்தில் மாற வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஐந்து மணித்தியாலத்துக்குள். ஜேர்மன் ரயிலில் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நம்பினால் நீங்கள் நேற்றுத்தான் வந்திறங்கியவர்.

காலை ஏழரைக்குப் புறப்பட்டோம். தெற்கே போகும்போது இடது பக்கம் உட்காருங்கள், ரைன் ஆறு அந்தப் பக்கம்தான். கொப்லென்ஸ் தாண்டினால் மலை ஒவ்வொன்றிலும் ஒரு கோட்டை. காசு கொடுத்துக் கப்பலில் போகிறவர்கள் பார்ப்பதையெல்லாம் நாங்கள் பாணும் சம்பலும் சாப்பிட்டபடி பார்த்தோம். லொறெலை பாறை எதிர்க்கரையில் வந்தபோது அக்காவைத் தட்டிக் காட்டினேன். "ஓம் ஓம், கல்லுத்தானே," என்றுவிட்டு அக்கா மறுபடி கடதாசியைப் பார்க்கத் தொடங்கினார்.

அந்தக் கடதாசியை எழுதிக் கொடுத்தது நான்தான். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அகதி விசாரணைக்குப் போய் வந்தவர் போகப் போகிறவருக்குப் பாடம் எடுப்பார். அதிகாரி எதைக் கேட்டாலும் தெரியாது என்று மட்டும் சொல்லாதே. தடுமாறாதே. தெரியாது என்றால் பொய் சொல்கிறாய் என்று எழுதிவிடுவார்கள். இந்தப் பாடத்தால் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ. நானும் அதே முறையில் அக்காவுக்கு என்னென்ன கேட்பார்கள், என்னென்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். ரயிலில் சோதனையும் வைத்தேன்.

"கணவர் உயிரோட இருக்கிறார் எண்டு நம்புறியளோ எண்டு கேப்பினம். அப்ப?"

"ஓம், உறுதியா நம்புறன். உயிரோட இருக்கிறவரைச் செத்தவர் எண்டு சொல்ல எந்தச் சட்டத்திலையும் இடமில்லை," என்று அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்புவித்தார். பிறகு, "பிள்ளை, இது நான் கதைக்கிற மாதிரி இல்லையே," என்றார்.

"அக்கா, அவை பெரிய சட்டத்தரணிமார். உறுதியாச் சொன்னாத்தான் எடுபடும்."

"சரி, நீ படிச்சனி," என்றார். அந்தக் குரலிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

மைன்ஸில் எங்கள் ரயில் நாற்பது நிமிடம் தாமதம். காரணம் கேட்டால், முன்னால் போன ரயில் தாமதமாம். அது ஏன் என்று கேட்க ஆளைக் காணவில்லை. நான் மேடையில் நின்று பொரிந்து தள்ள, அக்கா ஃபிளாஸ்கைத் திறந்து, "தேத்தண்ணி குடி, ரயில் உனக்குப் பயந்து வரப்போறேல்லை," என்றார். ஒருவழியாக ஒன்றேகாலுக்கு ஹைடெல்பேர்க்கில் இறங்கினோம். நிலையத்துக்கு வெளியே ட்ராம் பிடித்து, நெக்கார் ஆற்றைத் தாண்டிப் பல்கலைக்கழகப் பக்கம் போக கால்மணி நேரம். எங்கள் டிக்கெட் ட்ராமுக்கும் செல்லும். வழியெல்லாம் சைக்கிள்கள். குறுக்கே போகும்போது கவனம், ஓட்டுகிறவர்கள் மாணவர்கள், மனம் வேறு எங்கேயோ இருக்கும்.

சபை கூடிய இடம் பல்கலைக்கழகத்தின் ஒரு மண்டபம். நீதிமன்றம் மாதிரி உயரமான மேடை, கறுப்பு அங்கி எல்லாம் இருக்கும் என்று அக்கா எதிர்பார்த்திருந்தார். உள்ளே வளைவாகப் போட்ட மேசைகள், நாடுகளின் பெயர்ப்பலகைகள், தண்ணீர்ப் போத்தல்கள், மூன்று மொழிகளுக்குக் காதில் மாட்டும் கருவிகள். தமிழுக்கு ஒன்றும் இல்லை, அதற்குத்தான் நான். தலைவி ஒரு ஜேர்மன் பெண்மணி. நரைத்த தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். எழுந்து வந்து அக்காவுக்குக் கைகொடுத்தார். அக்கா உடனே பையைத் திறந்து பயத்தம்பணியாரம் இருந்த பெட்டியை அவர் கையில் வைத்துவிட்டார். வெறுங்கையோடு ஒரு இடத்துக்குப் போவதா? வாசலில் காவலாளி அதைத் திறந்து மணந்து பார்த்துத்தான் விட்டிருந்தார். தலைவி ஒரு கணம் திகைத்தார், பிறகு நன்றி சொல்லிப் பெட்டியைத் தன் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எனக்கு நிலத்துக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது.

அக்கா தொடங்கினார். பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், எந்த வழியால் ஜேர்மனிக்கு வந்தேன். அகதி விசாரணையில் சொன்ன அதே ஒழுங்கு. ஒருவரும் இதைக் கேட்கவில்லை. தலைவி மெதுவாக, "உங்களைப் பற்றி எங்களுக்குத் தெரியும். நீங்கள் விரும்புகிறதைச் சொல்லுங்கள்," என்றார். நான் மொழிபெயர்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வி என் கடதாசியில் இல்லை.

பிறகு தலைவியே கேட்டார். "உங்கள் கணவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்புகிறீர்களா?"

அப்பாடா, இது இருக்கிறது! என்று நான் மனதுக்குள் நிம்மதிப்பட்டேன். அக்கா கடதாசியை மடித்தார்.

"எனக்குத் தெரியாது அம்மா," என்றார்.

எந்த அதிகாரிக்கு முன்னாலும் சொல்லக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்த சொல் அது. இதை எப்படியாவது கொஞ்சம் திருத்திச் சொல்லலாமா, 'நம்பிக்கை இருக்கிறது' என்று மாற்றிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அக்காவுக்கு என் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

"சொன்னதைச் சொல்லு பிள்ளை."

சொன்னேன். மண்டபத்தில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அக்கா நிறுத்தி நிறுத்திச் சொல்ல, நான் ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்த்தேன்.

"இருக்கிறார் எண்டு சொன்னா எங்கை எண்டு கேக்கினம். இல்லை எண்டு சொன்னா, எங்கை புதைச்சது எண்டு நான் ஆரைக் கேக்கிறது? எனக்கு ரெண்டும் தெரியாது. என்ரை தங்கச்சி எடுத்து அனுப்பின கடதாசியிலையும் அதுதான் இருக்கு. அவரைக் காணேல்லை எண்டு இருக்கு. அதிலை பொய் இல்லை. இஞ்ச என்னெண்டா, தெரியாத ஒண்டைத் தெரியும் எண்டு கையெழுத்து வைக்கச் சொல்லினம். அது மட்டும் என்னாலை ஏலாது."

ஒரு நாட்டின் ஆலோசகர், கண்ணாடி போட்ட இளவயதுக்காரர், கையை உயர்த்தினார். மரியாதையாகத்தான் கேட்டார். இந்தச் சான்றிதழை எல்லா அலுவலகங்களும் ஏற்கத் தொடங்கினால், ஏமாற்றுபவர்களும் கொண்டு வருவார்களே, அரசுகள் அதற்குத்தானே அஞ்சுகின்றன என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"கள்ள மரணச் சான்றிதழும் கொண்டு வருகினம்தானே தம்பி. அதுக்காக ஒருத்தரும் சாகிறேல்லை எண்டு எழுதி வைச்சிருக்கிறியளோ?"

'தம்பி'யை நான் மொழிபெயர்க்கவில்லை, மற்றதைச் சொன்னேன். சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே எழுதினார். சரியான கேள்வியை நல்ல மனதோடு கேட்ட மனிதர் என்றுதான் எனக்குப் பட்டது.

கடைசியில் தலைவி ஒளிக்காமல் சொன்னார். இது ஆலோசனை சொல்லும் சபை. அக்காவின் விண்ணப்பத்தில் தலையிட முடியாது. தாங்கள் எழுதுவதை எந்த அரசும் வேண்டாம் என்று ஒதுக்கலாம். யாருக்கும் கட்டளை போட அதிகாரம் இல்லை.

"அப்ப ஏன் என்னை இவ்வளவு தூரம் கூப்பிட்டனீங்கள்?" என்றார் அக்கா. கோபம் இல்லை, உண்மையாகவே கேட்டார். நான் குனிந்தபடியே மொழிபெயர்த்தேன்.

"எத்தனையோ அலுவலகங்களில் சரியானதைச் செய்ய விரும்புகிற அதிகாரிகள் இருக்கிறார்கள்," என்றார் தலைவி. "மேலதிகாரி கேட்டால் எடுத்துக் காட்ட அவர்களிடம் ஒன்றும் இல்லை. நாங்கள் அதைத்தான் எழுதுகிறோம். பிழையாக எழுதினால் உங்களைப் போன்றவர்கள்தான் அல்லல்படுவார்கள். அதனால் கேட்க வேண்டியிருந்தது."

வெளியே வந்து ஆற்றங்கரையில் புல்லில் இருந்தோம். எனக்கு உள்ளே எரிந்துகொண்டிருந்தது. இவ்வளவு பேர், இவ்வளவு படிப்பு, ஒருவரால் ஒரு அலுவலகத்துக்கு ஒரு ஃபோன் அடிக்க முடியாதா? அக்காவிடம் கொட்டினேன். "ஏன் துள்ளுறாய்? கட்டளை போட்டவையை நான் கனக்கக் கண்டிட்டன். என்னட்டைக் கேட்டது இவைதான்," என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டி இருந்தார். அவ்வளவு ஆறுதலாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்றிரவு தங்கியது நிலையத்துக்குக் கிட்ட ஒரு சிறிய விடுதி. இருவருக்கும் ஒரு அறை, காலைச் சாப்பாட்டோடு 92 யூரோ. மே மாதமாகையால் எந்தக் கடைக்குப் போனாலும் வெள்ளை ஸ்பார்கல்தான், அதாவது அஸ்பரகஸ் தண்டு. அக்கா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, வருத்தக்காரருக்கு அவிச்ச முருங்கைக்காய் மாதிரிக் கிடக்கு," என்று என் தட்டுக்குத் தள்ளினார். ஒரு தட்டு 19 யூரோ. நான் இரண்டையும் சாப்பிட்டேன்.

சபையின் கருத்துரை இலையுதிர் காலத்தில் வெளியானது. அப்படி ஒரு சான்றிதழைக் கொண்டு வருபவரை இறப்பு அறிவிப்புக் கேட்டு வற்புறுத்தக் கூடாது, சொல்லப்பட்டதை அப்படியே பதிய வேண்டும் என்ற மாதிரி எழுதியிருந்தார்கள். ஆலோசனை நிலையப் பெண் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தார். குடியுரிமை அலுவலகத்தில் நேரம் குறித்துக் கொடுத்த டெர்மினுக்கு நான் அக்காவோடு போனேன். சான்றிதழைத் திருப்பிக் கொடுத்த அதே அதிகாரி, அதே மேசை. முழுவதையும் வாசித்தார். "இது எங்களைக் கட்டுப்படுத்தாது," என்றார்.

"தெரியும்," என்றார் அக்கா தன் ஜேர்மனில். "எழுதினவர்களும் அதைத்தான் சொன்னார்கள்."

அந்த மனிதர் கடதாசியை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்கு, தன் மேலதிகாரியிடம் போனார். நாங்கள் அங்கேயே இருந்தோம். போன ஆள் போனதுதான், அங்கே திட்டு வாங்குகிறாரோ என்று எனக்கு அவர்மேலேயே இரக்கம் வந்துவிட்டது. திரும்பி வந்தவர் உட்கார்ந்து தட்டச்சு செய்து, திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். திருமணமானவர், கணவர் காணாமற்போனவர். "இப்படி எழுதலாம் என்று ஒருவராவது சொல்ல மாட்டார்களா என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்," என்றார். இவரை நான் மனதுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன்!

இந்த வசந்த காலத்தில் அக்காவுக்குச் சிவப்பு நிற ஜேர்மன் கடவுச்சீட்டு கிடைத்தது.

இதேபோல ஏதாவது ஒரு சபைக்குப் பேசப் போகிறவர்கள் இருந்தால் கொஞ்சம் கேளுங்கள். முதல்நாளே போய்த் தங்குங்கள், மைன்ஸை நம்பாதீர்கள். அழைத்தவர்களிடம் பயணச் செலவு கேளுங்கள், எங்களுக்கு மாத டிக்கெட்டின் காசும் விடுதிக் காசும் கொடுத்தார்கள், நாங்கள் கேட்காமல் இருந்திருந்தால் கிடைத்திராது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்னதாக எழுதுங்கள், என்னைப் போல உணர்ச்சிவசப்படுகிற பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிப் போக வேண்டாம். அங்கே தீர்ப்புக் கிடைக்கும் என்று போகாதீர்கள், கிடைக்காது. அதற்காகப் போகாமலும் இருக்காதீர்கள். மனப்பாடம் செய்துகொண்டும் போகாதீர்கள்.

அடுத்த மாதம் அக்கா கொழும்புக்குப் போகிறார். நேற்று சூட்கேஸ் அடுக்க உதவப் போனேன். அடியில் பிரிக்காத ஆண்கள் சேர்ட் இரண்டு இருந்தது, ஒன்று மீடியம், ஒன்று லார்ஜ். நான் எதையும் கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, அங்கை போய், அவர் இல்லை எண்டு தெரியவந்தா?"

அக்கா சேர்ட்டின் மேல் ஒரு சேலையை மடித்து வைத்தார்.

"அழுவன் பிள்ளை. இவ்வளவு காலமும் நான் ஒரு நாளும் அழேல்லை, உனக்குத் தெரியுமோ? அழுதா, அவர் செத்திட்டார் எண்டு நானே சொன்ன மாதிரிப் போயிடும்."